சவர நுரைக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் அப்பாவோ அண்ணனோ பயன்படுத்தும் ஷேவிங் கிரீம் குழாயை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்துகளில் பதினைந்து இருபது பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். குழாயின் முன்பக்கத்தை எல்லோரும் படிக்கிறோம். பின்பக்கத்தைப் படிப்பவர் மிகச் சிலரே. ஆனால் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் இருப்பதுதான் பொருள்.

உங்களில் பலருக்கு இப்பொழுதுதான் மீசை அரும்பத் தொடங்கியிருக்கும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 வயதில் தொடங்கி, வாரத்திற்கு மூன்று முறை வீதம், 50 ஆண்டுகள் ஒருவர் சவரம் செய்துகொண்டால் மொத்தம் 7,800 முறை ஆகிறது. உடலில் வேறு எந்த இடத்தையும் நாம் இத்தனை முறை கூரிய தகட்டால் சுரண்டி, அதன் மீதே ஒரு வேதிப்பொருள் கலவையைத் தேய்ப்பதில்லை. அந்தக் கலவையில் உள்ள ஒரு பொருளுக்கு உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். ஆகையால் முதல் குழாயை வாங்கும்போதே அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

மாணவியரும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கே வரும் பெயர்களில் பெரும்பாலானவை ஷாம்பூவிலும் முகம் கழுவும் கிரீம்களிலும் உள்ளவைதாம்.

எதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவதற்கு முன், உண்மையில் எது தேவை என்று அறிய வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

முடியை மென்மையாக்குவது எது?

"எங்கள் கிரீம் முடியை மென்மையாக்குகிறது" என்று விளம்பரங்கள் கூறும். அந்த வேலையைச் செய்வது முக்கியமாகத் தண்ணீர்தான்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நீண்ட புரதச் சங்கிலிகள் அருகருகே படுத்திருக்க, அவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகளும், கந்தக அணுக்களுக்கு இடையே உள்ள வலிய பிணைப்புகளும் சேர்த்துக் கட்டியுள்ளன. தண்ணீர் முடிக்குள் புகும்போது அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு இடையே நுழைந்து அவற்றைத் தளர்த்திவிடுகின்றன. கந்தகப் பிணைப்புகள் அசைவதில்லை. எனவே முடி கரைந்துபோகாமல் மென்மையாக மட்டும் ஆகிறது. முடி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு நீரை உறிஞ்ச வல்லது. அப்போது அதன் விட்டம் சுமார் 15 விழுக்காடு பெருக்கிறது. நீளமோ 2 விழுக்காடு கூட வளர்வதில்லை. நனைந்த முடியை வெட்டத் தேவையான விசை, உலர்ந்த முடிக்குத் தேவையானதைவிட மிகவும் குறைவு.

இதற்குச் சிறிது நேரம் வேண்டும். வெதுவெதுப்பான நீரால் முகத்தைக் கழுவி, நுரை பூசி, இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்திருந்தால் போதும். அவசரமாகப் பூசி அவசரமாக வழிப்பவருக்கு விலை உயர்ந்த கிரீமும் உதவாது.

நுரையின் வேலை

அப்படியானால் வெறும் தண்ணீரே போதாதா? போதாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, முடியின் மேல் தோலின் எண்ணெய் படிந்திருக்கிறது. தூய நீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெய்ப் பரப்பின் மேல் அது பரவாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். சோப்பு இந்த இழுவிசையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. எண்ணெய் அகல்கிறது, நீர் முடிக்குள் நுழைகிறது.

இரண்டாவது, வெறும் நீர் கன்னத்தில் நிற்காமல் வழிந்துவிடும். நுரை என்பது நீரைப் பிடித்து வைக்கும் கூடு. குமிழிகளுக்கு இடையே உள்ள மெல்லிய படலங்களில் நீர் தங்கி நிற்கிறது.

மூன்றாவது, தகட்டுக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலமாக இருந்து நுரை உராய்வைக் குறைக்கிறது.

இங்கே இயற்பியல் பாடம் ஒன்றை நினைவுகொள்ளுங்கள். காற்றில் மிதக்கும் சோப்புக் குமிழிக்குள் வெளியே உள்ளதைவிட அழுத்தம் அதிகம். அந்த மிகை அழுத்தம், பரப்பு இழுவிசையின் நான்கு மடங்கை ஆரத்தால் வகுத்த அளவு. அதாவது, குமிழி சிறிதாக இருந்தால் உள்ளழுத்தம் மிகுதி. நுரையிலும் இதே நிலைதான். சிறு குமிழியின் காற்று மெல்லச் சவ்வைக் கடந்து பக்கத்தில் உள்ள பெரிய குமிழிக்குப் போய்விடுகிறது. பெரியது மேலும் பெரிதாகிறது. நுரை முரடாகிக் கடைசியில் வடிந்துவிடுகிறது. இதைத் தாமதப்படுத்துவதே சவர சோப்பு செய்பவரின் திறமை. 18 கார்பன் அணுக்கள் கொண்ட ஸ்டியரிக் அமிலத்திலிருந்து செய்த சோப்பு உறுதியான சவ்வைத் தருகிறது. 12 கார்பன் அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதியளவு உள்ளது. அதன் சோப்பு விரைவாகப் பெரிய குமிழிகளைத் தரும். விரைவாகவே அடங்கியும் விடும். கிளிசரின் நீரின் பாகுநிலையைக் கூட்டி, படலம் வடிவதைத் தாமதப்படுத்துகிறது. நீரையும் ஈர்த்து வைத்துக்கொள்கிறது.

ஆக, நல்ல ஷேவிங் கிரீம் ஒன்றிற்கு இன்றியமையாதவை நான்கைந்துதான்: நீர், ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம் அல்லது சோடியம் உப்பு, சிறிது தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, கிளிசரின், கெடாமல் காக்கும் பொருள் ஒன்று. மற்றவை மணத்திற்கும் நிறத்திற்கும் விற்பனைக்கும் சேர்ந்தவை. தொல்லை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

உடைந்த மதில்

தோலின் மேற்புற அடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. இந்த மதிலின் தடிப்பு 10 முதல் 20 மைக்ரான் வரைதான். நோட்டுப் புத்தகத் தாளின் தடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! சவரத் தகடு முடியை வெட்டும்போது இந்த மதிலிலும் சிறிது சுரண்டிச் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் விழுகின்றன. முழங்கையில் தேய்த்தால் ஒன்றும் செய்யாத ஒரு பொருள், சவரம் செய்த கன்னத்தில் எரிச்சலூட்டுவது இதனால்தான்.

தொல்லை இருவகைப்படும். ஒன்று, எரிச்சல். பொருளின் செறிவு கூடினால் யாருக்கும் வரும், நிறுத்தினால் போய்விடும். மற்றொன்று, ஒவ்வாமை. இது சிலருக்கு மட்டுமே வரும். முதலில் பல நாள் ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியில் உடலின் தற்காப்புச் செல்கள் அந்தப் பொருளை "எதிரி" என்று பதிவு செய்துகொள்கின்றன. அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் அரிப்பும் தடிப்பும் தோன்றும். "இத்தனை நாளாக இதைத்தானே போட்டேன், இப்போது மட்டும் ஏன்?" என்று பலர் வியப்பதன் காரணம் இதுவே.

தவிர்க்க வேண்டியவை

1. கடுமையான நுரைப்பொருள்கள்: சோடியம் லாரில் சல்பேட் மலிவானது, நுரையை அள்ளித் தரும். ஆனால் தோல் ஆராய்ச்சியாளர்கள் சோதனைக்காக வேண்டுமென்றே தோலில் எரிச்சலை உண்டாக்க விரும்பும்போது தேர்ந்தெடுக்கும் பொருளும் இதுதான்! சோடியம் லாரெத் சல்பேட் என்பது இதன் தம்பி, சற்று மென்மையானது. பெயரில் உள்ள சிறு வேறுபாட்டைக் கவனியுங்கள். இவை பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால், உலர்ந்த தோல் உடையவர்கள் வேறு கிரீமைத் தேடலாம்.

2. எதில் ஆல்கஹால்: சவரத்திற்குப் பின் பூசும் நீர்மங்களிலும் சில கிரீம்களிலும் இது உண்டு. விரைந்து ஆவியாவதால் குளுமை தரும். அதோடு மதிலின் சாந்தாகிய கொழுப்பையும் சிறிது கரைத்துச் செல்லும். கீறல்களில் பட்டுச் சுரீர் என்று எரிவது "கிருமி சாகிறது" என்பதற்குச் சான்று ஆகாது. தோலின் நரம்பு முனைகள் முறையிடுகின்றன, அவ்வளவுதான்.

3. நறுமணம்: பட்டியலில் "பெர்ஃபியூம்" என்றோ "ஃபிராக்ரன்ஸ்" என்றோ ஒரே சொல்லாக இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பல பத்துப் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வாமை தரும் பொருள்களில் நறுமணப் பொருள்களுக்கு முதன்மையான இடம் உண்டு. இதனால் ஐரோப்பிய நாடுகள் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 26 மணப்பொருள்களைத் தனித்தனியே பெயர் குறிப்பிட்டு அச்சிட வேண்டும் என்றன. 2023-இல் இந்தப் பட்டியல் 80-க்கும் மேலாக நீண்டது. லிலியால் என்ற மணப்பொருளை 2022 மார்ச் 1 முதல் அறவே தடை செய்துவிட்டன.

எலுமிச்சை மணம் தரும் லிமோனீன், லாவெண்டரில் உள்ள லினலூல் ஆகிய இரண்டும் புதிதாக இருக்கும்போது அதிகத் தொல்லை தருவதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து பெராக்சைடு வகைப் பொருள்களாக மாறிய பின்னரே அவை ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. மூடாமல் நெடுநாள் கிடந்த கிரீமைத் தூக்கி எறியுங்கள் என்பதற்கு இது ஒரு காரணம். "இயற்கையானது" என்று எழுதியிருப்பதும் காப்புறுதி ஆகாது. மேற்கூறிய இரண்டும் இயற்கைப் பொருள்களே அல்லவா?

4. சில காப்புப் பொருள்கள்: நீர் உள்ள இடத்தில் கிருமிகள் வளரும். எனவே காப்புப் பொருள் தேவை. ஆனால் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நீண்ட பெயரை நினைவில் வையுங்கள். இது பலருக்கு ஒவ்வாமை தந்ததால், அமெரிக்கத் தொடு தோலழற்சி மருத்துவர் கழகம் 2013-ஆம் ஆண்டின் "ஒவ்வாமைப் பொருளாக" இதை அறிவித்தது. தோலிலேயே விட்டுவிடும் பூச்சுகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இதைத் தடுத்துவிட்டது. கழுவி நீக்கும் பொருள்களில் 0.0015 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றது. மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளியிடும் டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15, இமிடசோலிடினைல் யூரியா ஆகியவையும் தவிர்க்கத் தக்கவை.

5. மென்தால்: இதன் கதை சுவையானது. மென்தால் தோலின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை! நம் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஒரு புரத வாயில் இருக்கிறது. குளிர் பட்டால் அது திறக்கும். மென்தால் பட்டாலும் திறந்துவிடும். மூளை அதைக் "குளிர்" என்றே படித்துக்கொள்ளும். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் 2002-இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களைக் கண்டதற்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றனர். மென்தாலின் செறிவு கூடினால் எரிச்சல் உண்டாகும். தோல் "போதும், நிறுத்து" என்று தரும் அறிகுறியையும் அந்தக் குளுமை மறைத்துவிடும். உங்கள் தோல் எளிதில் சிவப்பதானால் மென்தால் இல்லாத கிரீமே நல்லது.

6. கிருமிக்கொல்லி என்னும் கூடுதல் கவர்ச்சி: டிரைகுளோசான் முதலிய 19 பொருள்களைப் பொதுமக்களுக்கான கிருமிக்கொல்லிச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் ஆணையிட்டது. சாதாரண சோப்பையும் நீரையும்விட இவை மேலானவை என்று உற்பத்தியாளர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை.

டப்பாவுக்குள் வாயு

பொத்தானை அழுத்தியதும் நுரை பொங்கும் டப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பு இவற்றில் குளோரோ ஃபுளூரோ கார்பன் வாயுக்களை அடைத்தார்கள். அவை வானில் உயரே சென்று ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தனர். அமெரிக்கா 1978-இல் தெளிப்பான் டப்பாக்களில் அவற்றைத் தடை செய்தது. 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்விருவரும் குரூட்ஸனுடன் சேர்ந்து 1995-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு டப்பா நுரைக்கும் விண்ணுக்கும் இருந்த தொடர்பு அது!

இப்போது அவற்றின் இடத்தில் புரோப்பேன், ஐசோபியூட்டேன் ஆகியவை உள்ளன. இவை ஓசோனைத் தாக்குவதில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றும். அடுப்பருகிலும், வெயிலில் நிறுத்திய மூடிய காரிலும் டப்பாவை வைக்கக் கூடாது. "50 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்" என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். நம் ஊர்க் கோடையில் மூடிய கார் அந்தச் சூட்டை எட்டிவிடும்.

கையில் எடுக்கும்போது கூழாக இருந்து, முகத்தில் தேய்த்ததும் நுரையாக மாறும் கிரீமும் உண்டு. அதில் உள்ள ஐசோபென்டேன் 28 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நம் தோலின் வெப்பமோ சுமார் 33 டிகிரி. உங்கள் கன்னமே அடுப்பு. அந்த நுரை ஒரு கொதிநிலை!

வீணான அச்சங்கள்

பெயர் நீளமாக இருந்தால் நஞ்சு என்று எண்ணுவதும் தவறு. சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் ஆகியவை மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள். இவை தோலை உலர்த்துவதில்லை. பெரும்பாலோருக்கு மென்மையே தருகின்றன. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று பார்த்ததும், "ஐயோ, எரி காரம்!" என்று அஞ்ச வேண்டாம். அது ஸ்டியரிக் அமிலத்துடன் வினைபுரிந்து சோப்பாக மாறிவிட்டது. நல்ல கிரீமில் சிறிது ஸ்டியரிக் அமிலத்தை மிகுதியாகவே விட்டுவைப்பார்கள். தனிக் காரம் எஞ்சாது. இ.டி.டி.ஏ. என்பது கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, நுரை திரிந்து போகாமல் காக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது உதவியே.

பாரபென்கள் பற்றியும் பெரும் அச்சம் பரவியது. 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, மார்பகக் கட்டிகளில் பாரபென்கள் இருந்ததாகக் கூறியது. நோயற்ற திசுக்களுடன் அது ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவைதாம் காரணம் என்று மெய்ப்பிக்கவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஐந்து பாரபென்களைத் தடை செய்தது. மெத்தில், எத்தில் பாரபென்களை அளவோடு அனுமதிக்கிறது. முன்பு சொன்ன அதே மருத்துவர் கழகம் 2019-இல் பாரபென்களை "ஒவ்வாமை தராத பொருள்" என்று அறிவித்தது. அச்சத்தால் பாரபென்களைக் கைவிட்ட உற்பத்தியாளர்கள் பலர் நாடியது எதை? மெத்தில்ஐசோதயசோலினோனை! பேய்க்கு அஞ்சிப் பூதத்திடம் போன கதைதான்.

பட்டியலைப் படிப்பது எப்படி?

எது அதிகமோ அது முதலில் வரும். இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் கடைசியில் எழுதலாம். முன்பக்கத்தில் கற்றாழைப் படம் பெரிதாக இருந்து, பட்டியலின் கோடியில் கற்றாழைச் சாறு வந்தால், அதில் எவ்வளவு கற்றாழை இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

புதுக் கிரீம் வாங்கினால் உடனே முகத்தில் பூசாதீர்கள். முன்கையின் உட்புறத்தில் சிறிது நுரை தேய்த்து, மூன்று நிமிடம் கழித்துக் கழுவுங்கள். நாளுக்கு இரு முறை, ஒரு வாரம் இவ்வாறு செய்து, சிவப்போ அரிப்போ தோன்றாவிட்டால் பயன்படுத்தலாம். தோன்றினால் நிறுத்திவிடுங்கள். தடிப்பு நீடித்தால், குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவருக்குப் பயன்படுவது அந்தப் பின்பக்கப் பட்டியல்தான்.

செய்து பாருங்கள்

1. மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்துங்கள். அதன் மேல் சவர சோப்பின் நுரையை வையுங்கள். தாள் செந்நிறமாகும். சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 9 முதல் 10 வரை. நம் தோலின் மதிப்போ சுமார் 5. ஐந்து அலகு வேறுபாடு என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் 1,00,000 மடங்கு வேறுபாடு! சவரம் முடிந்ததும் நுரையை நன்றாகக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டால் என்ன ஆகிறது?

2. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் ஒன்றில் மழை நீரும் மற்றொன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரும் எடுங்கள். இரண்டிலும் ஒரே எடையுள்ள சவர சோப்புச் சீவலைப் போட்டு, இருபது முறை குலுக்குங்கள். நுரையின் உயரத்தை உடனேயும், பிறகு 5 நிமிடத்திற்கு ஒரு முறையும் அளந்து வரைபடம் வரையுங்கள்.

3. பள்ளி ஆய்வகத்தின் இரு வெப்பமானிகளின் குமிழ்களில் மென்தால் உள்ள கிரீமையும் இல்லாத கிரீமையும் ஒரே அளவு பூசுங்கள். நீர் ஆவியாவதால் இரண்டும் சிறிது இறங்கலாம். கையில் பூசினால் இரண்டிற்கும் எவ்வளவு வேறுபாடு தெரிகிறது! வெப்பமானி என்ன சொல்கிறது? குறித்து வைத்து, உங்கள் ஆசிரியருடன் பேசிப் பாருங்கள்.